பீக்கிங் மேசையின் கடைசி உறுப்பினருக்கு

அண்ணை,

கடந்த வியாழக்கிழமை காலை, ஸ்காபரோவில் நாங்கள் கூடும் கோப்பிக்கடையில், உலக வரலாற்றைப் பாதிக்கக்கூடிய தீர்மானம் ஒன்று ஏகமனதாக நிறைவேறியது. பீக்கிங் மேசையை மொஸ்கோ மேசையோடு சேர்த்துப் போடுவது. மேசையை இழுத்தபோது, அது ஆடாமலிருக்க நீங்கள் காலடியில் மடித்து வைத்திருந்த கடதாசி வெளியே வந்து விழுந்தது. குனிந்து எடுத்தேன்.

கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாகப் பிளந்தபோது நீங்கள் யாழ்ப்பாணத்தில் தபாற்கந்தோர் ஊழியர், நான் கல்லூரி மாணவன். நீங்கள் பீக்கிங் பக்கம் போனீர்கள். நான் மொஸ்கோ பக்கம் நின்றேன். மொஸ்கோ சஞ்சிகைகளின் தாள் வழுவழுப்பானது, பாடப் புத்தகங்களுக்கு உறை போட உகந்தது. அந்த வழுவழுப்பே திரிபுவாதத்துக்குச் சாட்சி என்றீர்கள். என் மாமாவுக்கு இந்த வேறுபாடெல்லாம் தெரியாது. கம்யூனிஸ்டுகள் வந்தால் பனங்காணியைப் பங்குபோட்டுவிடுவார்கள் என்று இரு தரப்புக்கும் சமமாகப் பயந்தார். கடைசியில் காணியை இராணுவம் எடுத்துக்கொண்டது. அதற்கு எந்த வல்லரசின் உதவியும் தேவைப்படவில்லை.

மொஸ்கோ கொடியை இறக்கிய பிறகும், பீக்கிங் உலகத்துக்கே செருப்பு விற்கத் தொடங்கிய பிறகும், நாங்கள் இருவரும் நிலைப்பாட்டை மாற்றவில்லை. உங்கள் அணியில் மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட, நீங்கள் தனியே ஒரு மேசையில், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி இருந்து, திரும்பாமலே தர்க்கம் செய்தீர்கள். திரும்பினால் சமரசம் என்று அர்த்தமாகிவிடும்.

உங்கள் மனைவி, எங்களுக்கு அக்கா, காலமான பிறகுதான் உங்கள் மகள் நியூஜேர்சிக்கு வந்து தன்னோடு இருக்கச் சொன்னாள். தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, ஒருநாள் குளியலறையில் விழுந்தும் இருந்தீர்கள். போகச் சம்மதித்தீர்கள். எதிரி முகாமில் பேரப்பிள்ளை இருக்கும்போது வேறு வழியில்லை என்று எங்களுக்கு விளக்கமும் தந்தீர்கள்.

அமெரிக்க விசா நேர்முகத்துக்கு மொன்றியலுக்கு உங்களோடு நானும் பஸ்ஸில் வந்தேன். கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததுண்டா என்று அமெரிக்கர்கள் இன்னும் கேட்கிறார்கள். ‘இல்லை’ என்று சொல்ல மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே, எப்போதோ விலகிவிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள், பழைய கதை என்று விட்டுவிடுவார்கள் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன். நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

வெளியே வந்தபோது உங்கள் முகம் தெளிவாக இருந்தது. அலுவலருக்கு மொஸ்கோ, பீக்கிங் வேறுபாட்டை முழுமையாக விளக்கியிருக்கிறீர்கள். அமெரிக்கா மொஸ்கோவை எதிர்த்த காலத்தில் நீங்களும் மொஸ்கோவை எதிர்த்ததை அவர் கவனத்தில் எடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அவருடைய மேசையில் ஒரு சின்ன அமெரிக்கக் கொடி நின்றதாம். அது எங்கே செய்யப்பட்டது என்று பார்க்கும்படி சொல்ல நினைத்து, மரியாதைக்காக விட்டுவிட்டீர்களாம்.

“எப்ப விலகினனீங்கள் எண்டு கேட்டவனோ?” என்றேன்.

“கேட்டவன். நான் விலகேல்லை, கட்சிதான் விலகினது எண்டு சொன்னன்.”

“ஒரு சொல்லுத்தானே அண்ணை. விலகீட்டன் எண்டால் முடிஞ்சுது.”

திரும்பும் வழியில் பஸ் கிங்ஸ்டன் ஊரைத் தாண்டியபோது, வழக்கம்போல என்னைப் பார்க்காமலே சொன்னீர்கள்.

“உனக்கு அது வாசிக்கிற விசயம் தம்பி. எங்கடை ஆக்களுக்குத் தேத்தண்ணிக் கடையிலை போத்தலிலைதான் தந்தவங்கள், அதுவும் வெளியிலை நிலத்திலை இருத்தி. கட்சிக்காரரோடை சேர்ந்து அடி வாங்கித்தான் நான் உள்ளுக்குப் போய் வாங்கிலை ஏறி இருந்து கிளாசிலை குடிச்சனான். அதிலையிருந்து விலகீட்டன் எண்டு நான் ஆருக்கும் சொல்ல மாட்டன்.”

அந்தக் கடைகளில் நானும் குடித்திருக்கிறேன். எனக்கு எப்போதும் கிளாசில்தான் வந்தது.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மகளைப் பார்க்க விருந்தாளியாகப் போக ஒருமுறை முயன்றீர்கள். தங்கிவிட வருகிறீர்கள் என்று எல்லைப் பாலத்திலேயே திருப்பிவிட்டார்கள். மறுநாள் காலை உங்கள் மேசையில் இருந்தீர்கள். உலக நிலைமை பற்றி முதுகால் உரையாற்றினீர்கள். அந்த மாரியிலும் அடுத்த மாரியிலும் தனியாகவே சமைத்தீர்கள்.

சேர்த்துப் போட்ட மேசையின் உங்கள் பாதி இப்போது ஆடுகிறது. கோப்பி சிந்துகிறது. கடதாசியைத் திரும்ப வைக்கும்படி எல்லோரும் சொல்கிறார்கள். அது என் கோட்டுப் பையில் இருக்கிறது, இன்னும் வைக்கவில்லை.

போன மாதம் உங்கள் மகள் உங்கள் சாம்பலைக் காரில் கொண்டு போனாள். பாலத்தில், பழங்களோ செடிகளோ இருக்கிறதா என்று கேட்டார்களாம். இல்லை என்றாளாம். போகச் சொன்னார்கள்.