சுடுகலன் என்றொரு சொல்

புருசெத்
12.01.2024

அன்பின் அண்ணிக்கு,

நீங்கள் போனில் வருகிற எதையும் திறப்பதில்லை என்று அண்ணா சொன்னார். அதனால் கொப்பித்தாள் கிழித்து எழுதுகிறேன். எழுத்துப்பிழைக்குச் சிரிக்கக் கூடாது.

நான் வேலைசெய்யும் அனிமேஷன் படம் ஒரு வேற்றுக்கிரகப் போர்க்கதை. முந்நூறு வருடம் கழித்து வரப்போகிற துவக்கு என்றாலும் அதைப் பிடித்துச் சுடுகிற விதத்தைப் பார்க்கிற சனம் நம்ப வேண்டுமாம். நான் வரைந்த வீராங்கனை விளையாட்டுச் சாமானைத் தூக்கிக் காவுகிற மாதிரி இருக்கிறாள் என்று இயக்குநர் ஒரே பிடியாக நிற்கிறார். ஒஸ்லோவில் பிறந்த எனக்கு என்ன தெரியும்? நீங்கள் வன்னியில் சண்டைக்குள் இருந்து எல்லாவற்றையும் கண்டவர். படங்களை இதற்குள் வைத்திருக்கிறேன். எங்கே பிழை என்று எழுதுங்கோ. நிலூஜாக் குட்டிக்கு ஒரு கொஞ்சல்.

உங்கள் மச்சாள்
கம்சிகா

திராமன்
21.01.2024

அன்புள்ள கம்சிக்கு,

உன் எழுத்தைப் பார்த்து நிலூஜா விழுந்து விழுந்து சிரித்தாள். எட்டு வயதுக்காரி உன்னைவிட நன்றாக எழுதுகிறாள்.

உன் படத்துப் பெட்டை ஓடும்போதும் விசையில் விரலை வைத்திருக்கிறாள். தடுக்கி விழுந்தால் முன்னுக்குப் போகிறவள் செத்தாள். விரல் வெளியே நீட்டியபடி இருக்க வேண்டும். இவ்வளவு நேரம் சுட்டும் ரவை முடிந்து ரவைக்கூடு மாற்றவில்லை. நாள் முழுக்கச் சுடுகலன் காவினவளுக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும்; வெறுங்கையோடு நடந்தாலும் அது தெரியும். சுட்ட ரவையின் வெறுங்கோது பறந்து பக்கத்தில் கிடப்பவளின் கழுத்துக்குள் விழுந்து சுடும். முதல்முறை சுடுகிறவள் கண்ணை மூடிக்கொள்வாள். உன்னுடையவள் சிரிக்கிறாள். அதுதான் பெரிய பிழை.

வாசித்ததும் இதைக் கிழித்துப்போடு.

அண்ணி
மரியரஞ்சனி

புருசெத்
02.09.2024

அன்பின் அண்ணிக்கு,

படம் முடிந்துவிட்டது. நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் திருத்தினேன். இயக்குநர் இரண்டாம் முறையும் போட்டுப் பார்த்தார். சுடுகலன் என்ற சொல் அவருக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது; அந்தக் கிரகத்து ஆட்கள் தங்கள் ஆயுதத்தை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

இன்னொன்று. கடைசியில் ஓடும் பெயர்களில் "ஆயுத ஆலோசனை: மரியரஞ்சனி" என்று போட்டிருக்கிறோம். தியேட்டரில் பார்த்துத் திகைக்கட்டும் என்றுதான் முதலே சொல்லவில்லை.

போன கிழமை முன்காட்சிக்குச் சில தமிழ் ஆட்களையும் கூப்பிட்டிருந்தேன். சிறீஸ்கந்தராசா என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்து, "இது சனம் பாவிக்கிற சொல் இல்லையே பிள்ளை, ஆர் சொல்லித் தந்தது?" என்று கேட்டார். என் அண்ணிதான் என்று பெருமையாகச் சொன்னேன்.

கம்சிகா

திராமன்
05.09.2024

கம்சி,

சனம் துவக்கு என்றுதான் சொல்லும். சுடுகலன் இயக்கத்துக்குள் இருந்தவர்களின் சொல். என்னை அறியாமல் எழுதிவிட்டேன்.

பதினாறு வயதில் இயக்கத்துக்கு என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏழு மாதம் துவக்குத் தந்து வைத்திருந்தார்கள். பிறகு இங்கே வந்து தஞ்சம் கேட்டபோது, "துவக்குப் பிடிச்சனீங்களோ?" என்று விசாரணையில் கேட்டார்கள். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் இல்லை என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன். அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டவர் சிறீஸ்கந்தராசா.

உன் அண்ணாவுக்கும் தெரியாது. என் குடியுரிமை விண்ணப்பம் இப்போதுதான் போயிருக்கிறது. பெயரை எடு. சொல்லையும் எடு. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

ரஞ்சனி

புருசெத்
10.09.2024

அண்ணி,

பெயரை எடுத்தாயிற்று. குரல்பதிவு முடிந்துவிட்டதால் சொல்லை எடுக்க முடியாதாம். இயக்குநருக்கு முன்னால் அழுதும் பார்த்தேன்.

மனம் கேளாமல் சிறீஸ்கந்தராசாவுக்கும் போன் எடுத்தேன். "அண்ணியைப் பற்றிச் சொன்னதை மறந்துபோங்கோ அங்கிள்" என்று கெஞ்சினேன். அவர், "ஏன் பிள்ளை நான் மறக்க வேணும்?" என்று கேட்டார்.

போன் எடுத்தது பிழையோ அண்ணி? எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு வரி எழுதுங்கோ.

கம்சிகா

திராமன்
24.09.2024

கம்சிகா,

வெள்ளிக்கிழமை குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒக்டோபர் மூன்றாம் திகதி காலை ஒன்பதுக்கு விசாரணைக்கு வரட்டாம். ஆர் சொன்னது என்று அதில் இல்லை. உன் அண்ணாவுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னோடு கதைக்கவில்லை.

இந்த முறை உண்மையைத்தான் சொல்லப் போகிறேன். உன்னைக் கூப்பிட்டால் நீயும் மறைக்காதே.

ஊரில் விசாரணைக்குப் போனவர்கள் திரும்பி வந்து நான் கண்டதில்லை. இது நோர்வே, அப்படி நடக்காது என்று எனக்கு நானே சொல்கிறேன். ஆனாலும் நிலூஜாவின் உடுப்புகளை ஒரு பையில் அடுக்கி வைத்துவிட்டேன்.

உன்னில் கோபமில்லை என்று எழுதத்தான் இருந்தேன். இன்னும் முடியவில்லை. இருந்தாலும் உன் அண்ணாவுக்கு இரவு வேலை; பிள்ளையை ஒப்படைக்க எனக்கு உன்னை விட்டால் ஆளில்லை. அன்று பள்ளிக்கூடம் விட்டதும் நிலூஜாவை நீ கூட்டிக்கொண்டு போய் உன்னோடு வைத்திரு. இருட்டில் படுக்க மாட்டாள். சின்ன லைற்றை அணைக்காதே. அம்மா எப்போது வருவா என்று கேட்டால், வருவா என்று மட்டும் சொல்லு. எந்த நாள் என்று சொல்லாதே.

ரஞ்சனி