நாலாவது ஆள்

அன்புள்ள பூனைக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீயும் நலமென்று நம்ப ஆசைதான். ஆனால் நலமாக இருக்கிறவள் போனை அணைத்துவிட்டு ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் போய்ப் பதுங்க மாட்டாள். அதனால்தான் இந்தக் காலத்திலும் கடிதம் எழுத வைத்துவிட்டாய். தபால்காரரைக் கண்டும் குளியலறைக்குள் ஓடிவிடாதே.

மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த அம்மாவைக் கண்டு குளியலறைக்குள் ஒளியும் அளவுக்கு உனக்கு ஏன் பயம் என்று கேட்க மாட்டேன். எனக்கும் பயம்தான். வாடகை ஒப்பந்தத்தில் மூன்று பேர், வாசலில் மூன்று ஜோடி செருப்பு, நாலாவது ஜோடி உன் கட்டிலுக்கடியில். கீழே இருக்கும் வீட்டுக்காரம்மா காதில் விழக்கூடாதென்று சத்தமில்லாமல் நடந்து நடந்தே பூனை என்று பெயர் வாங்கினாய். வந்த அம்மாவிடமும், நமக்கெல்லாம் பொங்கிப் போடும் அறைத்தோழி, அதுதான் நம் சமையல்காரி, யோசிக்காமல், "நாங்க மூணு பேர்தான்" என்று சொல்லிவிட்டாள்.

என் கதையைக் கேள். நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களைக் கணக்கெடுப்பில் சேரச் சொல்லும் வேலையைக் கல்லூரியில் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். கேன்டீன் வாசலில் மேசை போட்டு, "படிக்க வந்தவங்களும் கணக்குல உண்டு, வீட்டுக்காரருக்கோ விசா ஆபீசுக்கோ பேர் போகாது, பயப்படாதீங்க" என்று தொண்டை வற்றக் கத்துகிறேன். சட்டமே அப்படித்தான் இருக்கிறதாம். பாதி நம்புகிறேன். மீதிப் பாதி உன்னைப் போல ஒளிந்துகொண்டிருக்கிறது.

இனி எழுதப் போவதைப் படித்தால் பயப்படுவாய். ஆனாலும் படி.

போன வாரம் ஒரு மத்தியானம் பின்தெருவில் இருக்கும் நம் கல்லூரிப் பையன்கள் வீட்டுச் சமையலறையில் தீப்பிடித்துவிட்டது. நான் போனபோது ஜன்னல் வழியாகக் கரும்புகை. தீயணைப்பு வீரர் ஒருவர், உள்ளே எத்தனை பேர் என்று கேட்டார். அவர்களில் நம் ஒட்டடைக்குச்சி இருக்கிறானே, அவன் சட்டென்று, "மூணு பேர் சார், மூணு பேரும் வெளியே வந்துட்டோம்" என்றான். வேண்டுமென்று சொல்லவில்லை. வீட்டுக்காரருக்குச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிய பதில் தானாக வந்துவிட்டது. மற்ற இருவரும் தலையை ஆட்டினார்கள். அந்த வீரரும் தீயை மட்டும் அணைத்தால் போதுமென்று குழாய்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

அப்புறம்தான் அவன் தலையில் அடித்துக்கொண்டு அலறினான். இரவு வேலை முடித்து வந்த நாலாவது பையன் உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். வீரர்கள் உள்ளே ஓடி அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உயிர் பிழைத்துவிட்டான், பேச்சு மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. வீட்டுக்காரர் எல்லோரையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. இப்போதைக்குக் கல்லூரி இடம் கொடுத்திருக்கிறது.

அன்றிலிருந்து "மூணு" என்ற சொல் வாயில் வந்தாலே எனக்குத் திக்கென்கிறது. உன் காகிதங்களில் முகவரியாக இருக்கும் பழைய விடுதியை இடித்து மண்மேடாக்கிவிட்டார்கள். எங்கள் பதிலிலும் நீ இல்லை. அப்படியானால் இந்த நாட்டில் நீ எங்கேதான் இருக்கிறாய், சொல்லு? உனக்கு ஏதாவது ஆனால் யாரைத் தேடுவதென்று யாருக்குத் தெரியும்?

விட்டுப்போனவர்களைச் சேர்க்க அந்த அம்மா வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறார். உன்னைக் கேட்காமல் உன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஒன்றும் ஆகாது என்று அடித்துச் சத்தியம் செய்யவும் எனக்குத் தைரியமில்லை. வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிந்தால் நான்கு பேரும் சேர்ந்தே வேறு வீடு தேடுவோம், சமையல்காரியும் சரி என்றுவிட்டாள். பதில் வராவிட்டால் என்ன செய்வேனென்று எனக்கே தெரியவில்லை.

நேற்று உன் அம்மா எனக்குப் போன் செய்தார்கள். நீ போனை எடுக்கவில்லையாம். "எம்பொண்ணு அங்கதானேம்மா இருக்கா?" என்று கேட்டார்கள். "இங்கதான் இருக்காம்மா" என்று சொல்லிவிட்டேன். அப்படியொரு பெருமூச்சு விட்டார்கள், எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் சொன்னதைப் பொய்யாக்கிவிடாதே, கண்ணு. வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடு. காலை அழுத்தி வைத்தே மாடிப்படி ஏறி வா.

இப்படிக்கு,
உன்னைவிட அதிகமாகப் பயந்துபோயிருக்கும்
அறைத்தோழி அக்கா