மச்சானுக்காகக் காட்டிய நெஞ்சு

இன்று காலை எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு டாக்டர் வந்தார். ஊழியர் நலனுக்காம். சட்டையைத் தூக்கச் சொல்லி நெஞ்சில் குழாயை வைத்தார். அது சில்லென்று பட்டதும் உன் நினைவு வந்துவிட்டது. நீ போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

உன் பஞ்சாலையில் முதன்முதலாக அந்தச் சோதனை நடந்தபோது செய்தி சேகரிக்க வந்திருந்தேன். மானேஜர் காபி கொடுத்து, "எல்லாம் தொழிலாளர் நன்மைக்கு" என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன். சாப்பாட்டு மணி அடித்து வெளியே வந்த நீ, தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டே கேட்டாய்: "டாக்டரு வந்தாரே, மருந்துப் பெட்டி எங்கண்ணே?" திரும்பிப் போய்ப் பார்த்தேன். பெட்டி இல்லை. டாக்டர் எண் போட்டுக் குறித்த ஒரு நோட்டு மட்டும் இருந்தது. அதுவும் மாலையில் மானேஜர் அறைக்குள் போனது.

"மாட்டுக்குப் பல்லப் பாக்குறது வைத்தியத்துக்கா? கழிச்சு விடத்தான்" என்று சிரித்தாய்.

உன் மனைவியின் தம்பியும் அங்கேதான் நூல் நூற்றான். ஓயாத இருமல், வீட்டில் மூன்று பெண் குழந்தைகள். டாக்டருக்கு யார் முகமும் தெரியாது, கழுத்தில் தொங்கும் பித்தளை வில்லையின் எண்தான் தெரியும். எனவே மறுநாள் அவனை வீட்டில் படுக்கச் சொல்லிவிட்டு, அவனுக்குத் தெரியாமல் அவன் வில்லையை மாட்டிக்கொண்டு வரிசையில் நீ நின்றாய். "எனக்கு என்னண்ணே, ரெண்டு ஆளு மூச்சு இருக்கு."

மறுவாரம் அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நெஞ்சில் கோளாறாம்.

ஆள்மாறாட்டத்தை யாரோ போட்டுக்கொடுத்துவிட்டதாகச் சந்தேகப்பட்டேன். மேஸ்திரியைக்கூடத் துருவினேன். கடைசியில் வைகை மணலில் உட்கார்ந்து நீயே சொன்னாய்.

"யாரும் சொல்லலண்ணே. அந்த டாக்டரு குழாய ஒரே எடத்துல மூணு தடவ வச்சாரு. கெட்டது என் நெஞ்சுதான்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. என் முறைக்கு வயித்துவலின்னு சொல்லி, என் வில்லைய வேறொருத்தனுக்கு மாட்டி அனுப்பிட்டேன்."

"மச்சான்கிட்டச் சொன்னியா?"

"சொன்னா அவன் வேல திரும்பி வருமா? என்னுதும் போகும். ரெண்டு வீட்டுக்கும் இப்ப நான்தான கஞ்சி ஊத்துறேன். எழுதிராதண்ணே."

எழுதவில்லை. ஏற்கெனவே அச்சான செய்தியில் மானேஜரின் 'நன்மை' மட்டும் இருந்தது. அதே பஞ்சுத் தூசியில் இன்னும் இரண்டு வருஷம் நின்றாய். முதல் வருஷம் இருமினாய். அடுத்த வருஷம் துணியில் ரத்தத்தை மறைத்தாய். அதன்பிறகு யார் எந்த நன்மையைப் பற்றிச் சொன்னாலும், அந்த நோட்டு எந்த அறைக்குப் போகிறது என்று பார்க்காமல் நான் ஒரு வரி எழுதுவதில்லை.

உன் மச்சான் கோரிப்பாளையத்தில் சர்பத் கடை வைத்திருக்கிறான். ஆலையை விட்ட ஆறே மாதத்தில் இருமல் நின்றுவிட்டது. போன வெள்ளிக்கிழமை என்னை உட்காரவைத்துப் பேசினான்.

"எந்நெஞ்சுல குழாயே வைக்காம, நெஞ்சு கெட்டவன்னு அந்த டாக்டரு என்னயக் கழிச்சான். பாருங்க, கல்லாட்டம் இருக்கேன். சாகப்போற எங்க மச்சான நல்லாருக்காருன்னு எழுதுனான். அவனெல்லாம் என்னத்தப் படிச்சானோ. எங்க மச்சான் இருந்தவரைக்கும் எம்புள்ளைக பட்டினி கெடக்கலண்ணே. அந்த மனுசன் எனக்கு என்ன கடன்பட்டாரு?"

அவன் பதிலை எதிர்பார்த்துத்தான் என்னைப் பார்த்தான். டாக்டர் குழாய் வைத்துக் கேட்டது உன் நெஞ்சை, சரியாகத்தான் கேட்டார் என்று சொல்ல வாய்வரை வந்தது. நீ கேட்டுக்கொண்டதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டேனா, அவன் உன்மேல் வைத்திருக்கும் அன்புக்காகவா, தெரியவில்லை. சர்பத் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.