ஏழு இருக்க வேண்டிய இடம்

உமது நினைவுக்கல்லில் கடைசி இலக்கத்தை மாற்றிவிட்டார்கள். ஏழு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு வெட்டியிருக்கிறார்கள். நம் படிப்பகச் சுவரில் பதித்த அந்தப் பளிங்கை, திரை போடுவதற்கு முன் பார்த்துவிட்டேன். எழுத்துக்குப் பூசிய கறுப்புச் சாயத்தின் வாடை இன்னும் என் மூக்கில் நிற்கிறது.

பெயருக்குக் கீழே புகழுரை வேண்டாம், 1000000007 என்று மட்டும் இருக்கட்டும் என்றீர். வேறொன்றும் நீர் கேட்கவில்லை.

பத்து இலக்கப் பகா எண்களில் முதலாவது அது. அதற்கு இரண்டு தள்ளி, ஒன்பதில் முடிவதும் பகா எண். இரட்டையர். ஏழு உமக்கு, ஒன்பது எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். உலகம் எப்போதோ கண்டறிந்ததுதானே என்று நான் சலித்தபோது, "எவனோ தின்னா நமக்குப் பசி ஆறுமா வே?" என்றீர். கல்யாண் லோக்கல் ரயிலில் இடம் கிடைத்தால் மடியில் காகிதம் வைத்து வகுப்பீர். கிடைக்காவிட்டால் நின்றபடி மனக்கணக்கு. நான் தாராவிப் பட்டறையில், பை தைக்கும் அட்டையின் பின்புறத்தில் வகுத்தேன். முப்பத்தோராயிரத்து அறுநூற்றுச் சொச்சம் வரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுக்க வேண்டும். ஒருமுறை மீதியில்லாமல் போனாலும் எல்லாம் போயிற்று. வருடக்கணக்கில் ஆனது. "மீதி நிக்கிற வரைக்கும் நாமளும் நிப்போம் வே" என்பீர். உமது கடைசி வகுத்தலிலும் மீதி நின்ற அன்று, கிங்ஸ் சர்க்கிள் காபிக் கடையில் எனக்கு இரண்டாவது காபி சொன்னீர்.

படிப்பகச் செயலாளரிடம் கேட்டேன். அவருக்கு இது தப்பே இல்லை.

"அவர் கேட்ட நம்பரோட இலக்கத்தையெல்லாம் கூட்டிப் பாருங்க அண்ணாச்சி, எட்டு வருது. போனவருக்கும் ஆகாது, படிப்பகத்துக்கும் ஆகாது. ஒண்ணைச் சேர்த்து ஒம்போது ஆக்கிட்டோம். ராசியான நம்பர்."

கூட்டுத்தொகை ஒன்பது ஆனதாலேயே அது ஒன்பதால் வகுபடும், போதாததற்கு இரட்டைப்படை. ராசி பார்த்தே பகா எண்ணைக் கொன்றுவிட்டார்கள். செம்பூரிலிருந்து உம் மகனும் போனில், "ஜானே தோ, விட்டுடுங்க மாமா, ஒரு நம்பர்தானே" என்கிறான்.

இரட்டைப் பகா எண்களுக்கு நடுவே ஓர் இரட்டைப்படை எண் நிற்கத்தான் செய்யும். நம் இருவருக்கு நடுவிலும் அந்த எட்டு நின்றது. அதன்மேல் நமக்குக் கோபமில்லை. அது உமது இடத்தில் ஏறி நிற்பதைத்தான் நான் பொறுக்க மாட்டேன். நீர் அங்கே இல்லாவிட்டால் என் ஒன்பதுக்கு யார் ஜோடி?

ஞாயிற்றுக்கிழமை திறப்பு. அதற்குள் செயலாளர் கல்லை இறக்க வேண்டும். கல் வெட்டுகிறவர் வேறு பளிங்கில் ஏழு வெட்ட வேண்டும். அப்பா கேட்டது இதைத்தான் என்று உம் மகன் சபையில் வாய்திறந்து சொல்ல வேண்டும். இவை நடக்கும்வரை எவரும் திரையை விலக்காதபடி, அதற்கு முன்னால் நாற்காலி போட்டு, என் ஒன்பதோடு உட்கார வேண்டியவன் நான்.