வேண்டாம் என்று வைத்த போன்

அன்புள்ள தங்கை வெர்லின்,

இங்கே பர்மிங்ஹாமில் நாங்கள் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் சொல்லச் சொல்ல மகள் கெரிஸ் எழுதுகிறாள்.

கம்பெனி விவகாரங்கள் பார்க்கும் லண்டன் வக்கீல் ஆபீஸ் ஒன்று நேற்று அவளுக்குப் போனிலேயே நேர்காணல் வைத்தது. வாரம் முழுக்க நான்தான் கேள்வி கேட்டுப் பழக்கினேன். அவள் பதிலெல்லாம் எனக்கு மனப்பாடம். நேரம் நெருங்கியதும் கோட்டு மாட்டப் போனாள்.

"போன்ல பேச எதுக்குடி கோட்டு?"

"குரல் நிமிர்ந்து வரும்ப்பா."

அதற்குள் நம்பர் காட்டாத அழைப்பு வந்தது. ஏதோ விற்கிறவர்கள் என்று நினைத்து, "எங்களுக்கு ஒண்ணும் வேணாம்மா" என்று வைத்துவிட்டேன். அது அந்த ஆபீஸ் போன் என்று கெரிஸ் பாதி மாட்டிய கோட்டோடு ஓடி வந்தாள். நல்லவேளை, திரும்பக் கூப்பிட்டார்கள். "உங்கப்பாவையே தாண்டிட்டீங்க, நாங்க சுலபம்தான்" என்று நேர்காணல் செய்த அம்மாள் சிரித்தாளாம். சாயங்காலமே மறுபடி கூப்பிட்டு, இன்று நேரில் வரச் சொல்லிவிட்டார்கள்.

நம் ஊர் ஜாதிக்காய் ஜாம் அனுப்பு. இனிமேல் கடிதம் வேண்டாம், கேசட்டில் பேசி அனுப்பு. இவள் லண்டன் போய்விட்டால் எனக்குப் படித்துக் காட்ட ஆளில்லை.

இவளுக்கு லண்டன் பஸ்ஸுக்கு நேரமாகிறது.

உன் ஓஸ்மண்ட்