இழவு வாத்தியம்

கொண்டப்பநாயக்கன்பட்டி
கார்த்திகை, 1943

அண்ணனுக்கு,

கல்கத்தா ஓட்டலில் ஜாஸ் பேண்டுக்கு நீங்கள்தான் முன்னால் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். படமும் வந்தது. கோட்டு நன்றாக இருக்கிறது.

இங்கே கடலை பிடுங்கியாகிவிட்டது. விளைச்சல் சுமார்தான். அப்பா இந்த முறை காட்டுக்கு வரவில்லை. கட்டிலில் படுத்தபடியே விசாரித்துக்கொண்டார். கஞ்சி மட்டும் குடிக்கிறார்.

ஏற்காடு கிளப்பில் பழகிய சாக்ஸபோனை நீங்கள் முதன்முதலாக வீட்டில் ஊதிய நாள் நினைவுக்கு வருகிறது. பேண்டு வாத்தியம் என்றாலே நம் பக்கம் இழவு ஊர்வலம்தான். "யாருங்க தவறிட்டாங்க?" என்று பக்கத்து வீட்டு மாரக்காள் மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "நான் உசுரோட இருக்கறவரைக்கும் அது இந்த ஊட்டுக்குள்ள வரக்கூடாது" என்றார் அப்பா. அதை விட்டுவிட்டு வீட்டுக்கு வர உங்களுக்கும் மனமில்லை; அன்று போனவர்தான்.

நேற்று அப்பா உங்கள் படத்தைக் கேட்டு வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு, "பெரியவனை வரச் சொல்லி எழுது சாமி. வெறுங்கையோட வேண்டாம், அதையும் எடுத்தாரச் சொல்லு" என்றார்.

ரயில் ஏறும் நாளைத் தெரிவியுங்கள். வாத்தியப் பெட்டிக்கும் இடம் விட்டு, வைக்கோல் பரப்பி வண்டி கட்டி வருகிறேன்.

உங்கள் தம்பி