லியோனிக்கு ஒரு கல்லறை

மார்சேய்,
4 அக்டோபர் 1987

அன்புத் தம்பி ஃபிர்மானுக்கு,

நலம்தானே? ஒரு கடுதாசி போட்டால் உன் கை தேய்ந்துவிடுமா? என் முழங்கால் இப்போது தேவலை. இந்தக் கல்லறைத் திருநாளுக்கு ஊருக்கு வருகிறேன். அம்மா போய்ப் பதினேழு வருடம் கழித்து, முதல் தடவையாக என் கையாலேயே சாமந்தித் தொட்டி வைக்கப் போகிறேன். கல்லைக் கொஞ்சம் துடைத்து வை.

உன் அக்கா,
ஓதீல்

மோர்வில்,
12 அக்டோபர்

அன்புள்ள அக்கா,

தாராளமாக வா. நம் ஊரில் நடப்பதாக எழுதிய அந்த நாவலைப் படித்துவிட்டு ஆட்கள் பேருந்து பேருந்தாக வந்து இறங்குகிறார்கள். நகராட்சி அலுவலகத்தில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. குளத்தில் விழுந்து செத்த தபால் நிலையக்காரி லியோனியின் கல்லறை எங்கே என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அவள் கதையில் மட்டும்தான் இருந்தாள் என்றால் முகம் தொங்கிப்போகிறது. ரொட்டிக்கடை யூபேர் என்னை விடுவதில்லை: "ஏதாவது ஒரு குழியைக் காட்டித் தொலைங்களேன் சார்! ஊரு பொழைக்கும்."

அம்மாவைப் பற்றிக் கவலைப்படாதே. நான் பார்த்துக்கொண்டேன்.

ஃபிர்மான்

மார்சேய்,
3 நவம்பர்

ஃபிர்மான்,

தொட்டியைச் சுமந்துகொண்டு கல்லறைத் தோட்டத்தை மூன்று முறை சுற்றினேன். அம்மா இருந்த இடத்தில் கறுப்புப் பளிங்கு. லியோனி என்று பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். ஒரு நாளும் மூச்சு விடாதவளுக்கு! காவலாளியைக் கேட்டேன். "உங்க அம்மாவா? குழிக்குப் பதினஞ்சு வருசக் குத்தகைதான், அது முடிஞ்சு போச்சு, யாரும் புதுப்பிக்கல, எலும்பைப் பொதுக்குழியில போட்டாச்சும்மா. உங்க தம்பிதான் கையெழுத்துப் போட்டாரு."

தொட்டியை அங்கேயே போட்டுவிட்டு ரயிலேறினேன். உன்னைப் பெற்ற வயிறடா அது. எப்படி மனம் வந்தது?

ஓதீல்

மோர்வில்,
9 நவம்பர்

அக்கா,

குத்தகை முடிந்தபின் இரண்டு வருடம் அம்மாவின் கல்லில் அறிவிப்பு ஒட்டியிருந்தது, உறவினர் அலுவலகத்துக்கு வரவும் என்று. ஒட்டியவன் நான்தான். நானே புதுப்பித்திருக்கலாம். உனக்கென்று விட்டுவைத்தேன். ஒரு தடவை வந்திருந்தால் படித்திருப்பாய்.

அம்மா படுக்கையில் கிடந்த நாற்பது நாளும், "ஓதீல் எழுதினாளாடா?" என்றுதான் கேட்டாள். நீ ஒரு வரி எழுதவில்லை. நானே எழுதி, நீ எழுதியதாகப் படித்துக் காட்டினேன். "என் பொண்ணு தங்கம்டா" என்று அந்தக் காகிதங்களை நெஞ்சில் வைத்துக்கொண்டே கண்ணை மூடினாள். பக்கத்தில் நின்று மலம் அள்ளியவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. இல்லாதவள்மேல்தான் இந்த ஊருக்குப் பாசம் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

உன் சாமந்தி வீணாகவில்லை. லியோனியின் தலைமாட்டில் வைத்துவிட்டேன். வருகிறவர்கள் படம் பிடித்துக்கொள்கிறார்கள்.

இனி நீ எழுத வேண்டாம். உன் கடிதங்களை எழுதி எனக்குப் பழக்கம்தான்.

ஃபிர்மான்